உங்களுக்குத் தெரியுமா? அறையின் நடுவில் தொலையும் பேஸ்

ஹோம் தியேட்டரில் ஒருவருக்கு நெஞ்சு அதிர்கிறது. அடுத்த இருக்கைக்காரருக்கு அதே பேஸ் சப்பென்று இருக்கிறது. சப்வூஃபரைத் திட்டாதீர்கள், குற்றவாளி அறைதான். 34 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 10 மீட்டர். 5 மீட்டர் நீள அறையில் அது முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதித் திரும்பி நிலை அலையாகிவிடும். சுவரோரம் முழக்கம், நட்டநடுவில் ஏறக்குறைய மௌனம். பலரும் ஆசையாக சோபா போடுவது அங்கேதான்! ஈக்வலைசரைத் திருகினால் ஓர் இருக்கை தேறும், இன்னொன்று கெடும்.

செவ்வக அறைகளுக்கு இதை ஆராய்ந்த ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் சொன்ன வழி: எதிரெதிர்ச் சுவர்களின் மையத்தில் தலா ஒரு சப்வூஃபர். முன்னும் பின்னும் அவை ஒருசேர ஒலிக்கும்போது அந்த 34 ஹெர்ட்ஸ் நிலை அலை எழவே முடியாது. நான்கு சுவர்களுக்கும் நான்கு வைத்தால் இன்னும் சீர். அதற்கு மேல் வாங்குவது பெரும்பாலும் காசுக்குக் கேடு.

ஒன்றுதான் இருக்கிறதா? அதை உங்கள் இருக்கையில் வைத்து ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். பேஸ் சீராக இருக்கும் இடமே அதற்கான இடம். ஆனால் பலன் அந்த ஓர் இருக்கைக்கு மட்டுமே.