நூலாகப் பயணித்த மென்பொருள்

உரியவரன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு செய்தியை மாற்றும் முறையே மறைகுறியாக்கம். 1991இல் அமெரிக்கரான பில் சிம்மர்மன், மின்னஞ்சலை இம்முறையில் காக்கும் ‘பிஜிபி’ மென்பொருளை மூலநிரலுடன் இலவசமாக வழங்கினார். வலிமைமிக்க மறைகுறியாக்கத்தை அந்நாட்டுச் சட்டம் அன்று படைக்கலமாகக் கருதியது. உரிமமின்றி ஏற்றுமதி செய்வது குற்றம். மென்பொருள் இணையவழி அயல்நாடுகளை அடைந்தமையால், சிம்மர்மன் விசாரணைக்கு உள்ளானார். 1996இல் அது வழக்கின்றி முடிந்தது. அதில் பயன்பட்ட ஆர்எஸ்ஏ கணிதமுறைக்கு இருந்த காப்புரிமையும் தடையாயிற்று.

எனினும், அச்சிட்ட நூலுக்கு ஏற்றுமதித் தடை இல்லை. எனவே மூலநிரல் நூலாக அச்சிடப்பட்டுக் கடல் கடந்தது. 1997இல் ஐரோப்பியத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களை வருடி, மீண்டும் மென்பொருளாக்கினர். ஓரெழுத்துப் பிழையும் நிரலை முடக்கக்கூடும். ஆதலின் வரிதோறும் சரிபார்ப்பு எண் அச்சிடப்பட்டிருந்தது. 2000இல் ஏற்றுமதி விதிகள் தளர்ந்தன, காப்புரிமையும் முடிவுற்றது. எழுத்துரிமை, தனிமனிதரின் மந்தணத்தையும் காத்தது.