முதுகுத்தண்டுப் பிளவுடன் பள்ளிக்கு வரும் குழந்தை

ஆறாம் வகுப்பில் அந்த மாணவி சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். பிற்பகல் பாடவேளையில் அவள் அருகே அமர்ந்திருந்த இருவர் இடம் மாற்றித் தரும்படி கேட்டார்கள். காரணம் கேட்டேன், மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "இடைவேளையில் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி அவளைக் கடிந்துகொண்டேன். அடுத்த மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய அம்மா வந்தார். என்மேல் கோபப்படவில்லை. "அவளுக்கு வர்றதே தெரியாது டீச்சர்" என்றார்.

அவளுக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டுப் பிளவு. மருத்துவர்கள் 'ஸ்பைனா பிஃபிடா' என்பார்கள். பி.எட். படித்தபோதோ பிறகு வந்த பயிற்சிகளிலோ இந்தப் பெயரைக் கேட்ட நினைவு எனக்கில்லை. அரிதான குறைபாடு, நம்மில் பலர் ஓய்வுபெறும் வரை இப்படி ஒரு குழந்தையைச் சந்திக்காமலே இருக்கலாம். சந்திக்கிறவர் என்னைப் போலத் தொடங்கிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் தட்டையாகத் தோன்றி, பின் சுருண்டு குழாயாக மூடிக்கொள்கின்றன. கருத்தரித்த 28 நாளுக்குள் இது முடிந்துவிடும். முதுகில் ஓரிடத்தில் மூடாமல் நின்றுவிட்டால், கடுமையான வகையில், தண்டுவடமும் நரம்புகளும் வெளியே பிதுங்கிய நிலையில் குழந்தை பிறக்கிறது. அறுவை சிகிச்சையில் அதை மூடலாம்; பழுதான நரம்புகளை மீட்க முடியாது. பிளவு இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிலர் நடப்பார்கள், சிலருக்குச் சக்கர நாற்காலி வேண்டும். நன்றாக நடக்கும் குழந்தைகளிலும் பலருக்குச் சிறுநீர், மலம் வரும் உணர்வோ கட்டுப்பாடோ இருப்பதில்லை. என் மாணவி காலைச் சற்றே சாய்த்து நடப்பாள், அவ்வளவுதான். அதனால்தான் எனக்குத் தோன்றவே இல்லை.

சிறுநீர்ப்பை காலியாகாமல் தேங்கினால் சிறுநீரகம் கெடும். அதைத் தடுக்க, ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். இதற்குக் கிருமி நீக்கிய மருத்துவமனைச் சூழல் தேவையில்லை, கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லேப்பிடஸ் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடியதாக இது மாறியது அப்படித்தான்.

தொடக்கப் பள்ளி வீட்டுக்கு அருகில் இருந்ததால், அம்மாவே நண்பகலில் போய்ச் செய்துவிட்டு வந்திருக்கிறார். அங்கே எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். எங்களுக்கு வந்ததோ மாற்றுச் சான்றிதழ் மட்டும். அதில் இதற்கெல்லாம் ஏது இடம்? ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பெற்றோரின் சம்மதத்தோடு ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருந்தால் போதும்.

அவள் தானே கதீட்டர் போடக் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டவை உள்தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், சோப்பு, பையை மாட்ட ஓர் ஆணி. இன்னொன்று, மணி அடிக்கும்வரை காத்திராமல் நேரம் பார்த்து எழுந்து போகும் உரிமை. தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பாட ஆசிரியர்கள் ஆகியோரிடம் மட்டும் சொன்னோம். வகுப்பில் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டிய செய்தி.

கால்களில் உணர்வு குறைவு என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெயிலில் காய்ந்த தரையில் செருப்பில்லாமல் நின்றால் தோல் கொப்பளித்தாலும் அவளுக்குத் தெரியாது. இவர்களில் பலருக்கு மூளையில் நீர் கோத்திருக்கும்; அதை வயிற்றுக்கு வடிக்க 'ஷண்ட்' என்ற குழாயைத் தோலுக்கடியில் பொருத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட குழந்தை தலைவலி, வாந்தி, அசதி என்றால் வெயிலால் என்று நினைத்துப் படுக்க வைக்காதீர்கள். குழாய் அடைத்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரப்பர் பலூன் ஒவ்வாமையும் இவர்களிடையே அதிகம். பிறந்தநாள் அலங்காரத்துக்கு முன் பெற்றோரைக் கேட்டுவிடுங்கள்.

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று அந்த அம்மாவை உறவினர்கள் இன்றும் குத்திக்காட்டுகிறார்களாம். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பல காரணங்கள் சேர்ந்து நிகழ்வது இது. அவற்றில் நம் கைக்கு எட்டுவது ஃபோலிக் அமிலம். ஏற்கெனவே இத்தகைய கருவைச் சுமந்த பெண்களிடம், அதை முன்கூட்டியே உட்கொண்டால் மறுபடி நேர்வது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைகிறது என்று 1991இல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு காட்டியது. பொதுவாகக் கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும்; முன்பு பாதிப்பு நேர்ந்தவர்களுக்கு மருத்துவர் கூடுதல் அளவு தருவார். கர்ப்பம் உறுதியான பின் தொடங்கினால் பெரும்பாலும் அந்த 28 நாள் கடந்திருக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை நாம் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் உண்டு. அது இரத்தசோகைக்கானது, தினசரி மாத்திரைக்கு ஈடாகாது. ஆனாலும் மேல்வகுப்பு மாணவிகளிடம் இதைப் பேச அதைவிட நல்ல தருணம் ஏது?

பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவின் பட்டியலில் இந்தக் குறைபாடு இருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் அணுகலாம்.

ஆண்டு முடிவில் அவளை ஏழாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தனியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது: "அந்தக் கழிப்பறைத் தாழ்ப்பாள் இப்பவும் சரியா இருக்கா டீச்சர்?"