கண்டிக்கு ஒரு சனி, ஞாயிறு



"பயணம் போவோமா?" என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் உங்கள் மனதில் முதலில் தோன்றுவது என்ன? மலையா, குளமா? இல்லை. எத்தனை சோற்றுப் பார்சல் கட்ட வேண்டும், கோழியை இரவே பொரித்து வைப்பதா, சுபஹுக்கு முன் எழுந்து பொரிப்பதா என்ற கணக்குத்தானே? போன விடுமுறையில் கண்டிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது என் மனைவியின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை. "உங்களுக்குத்தான் பயணம். எனக்கு அது வேனில் ஏற்றிய குசினி" என்றாள். பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே ஒரு நிபந்தனையோடு புறப்பட்டோம். இரண்டு நாளும் சட்டி பானை கிடையாது. பசித்தால் கடை, களைத்தால் தேநீர். "வீண் செலவு" என்று என் உம்மா முணுமுணுத்தார்கள். வீண் விரயம் வேறு, வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வு கொடுப்பது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் முறை அன்னை முந்தினார்கள். பிற்காலத்தில் இன்னொரு முறை ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி. பயணத்தில் மனைவியை மகிழ்விப்பதும் சுன்னத்தான வழிதான் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

கொழும்பிலிருந்து கண்டிக்குச் சுமார் 115 கிலோமீட்டர். சுபஹ் தொழுதவுடன் புறப்படுவது நல்லது. பஸ்யாலையை அண்டிய கஜுகமவில் சாலையோரம் பெண்களே அமர்ந்து முந்திரிப் பருப்பு விற்கிறார்கள். வெவல்தெனியவில் பிரம்புக் கூடைகளும் நாற்காலிகளும் தொங்கும். மாவனல்லையைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். எதிரே தட்டையான தலையோடு பத்தலேகல குன்று தெரியும். கடைகளில் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கிடைக்கும். பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டே குடிக்கும் அந்தப் பிளேன்டீக்கு எங்கள் வீட்டுப் பால் தேநீர் ஈடாகாது; இதை என் மனைவியே ஒத்துக்கொண்டாள்.

அந்த ஏற்றத்திலேயே பாறையைக் குடைந்த ஒரு வழி இருக்கிறது. சற்று மேலே டோசன் கோபுரம் நிற்கிறது. இந்தப் பாதையை அமைத்த பொறியாளர் கேப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பினார்கள். மலையைக் குடைந்து வழி வந்தால்தான் கண்டி அன்னியர் கையில் விழும் என்றொரு நம்பிக்கை அக்கால மக்களிடம் இருந்ததாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், பாதை போடுவதற்கு முன்பே, 1815இல், கண்டி விழுந்துவிட்டது.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழிவந்தவர். நகரின் நடுவே உள்ள குளத்தை 1807இல் வெட்டுவித்தவர் அவரே. அவரை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். குளத்தைச் சுற்றி மாலையில் நடக்கலாம். பிள்ளைகளுக்கு மீன்களைக் காட்டலாம். கால் வலிக்காதவர்கள் ஆர்தர்ஸ் சீட் மேட்டுக்கு ஏறினால் குளமும் ஊரும் ஒரே பார்வையில் விழும். பிறகு பழைய கடைத்தெருக்கள்: கொழும்பு வீதி, யட்டிநுவர வீதி, மணிக்கூட்டுக் கோபுரம், மத்திய சந்தை. தெருக்கள் நேர்கோட்டில் ஓடுவதால் வழி தவறாது. பட்டுத்துணிக் கடைகளுக்குள் நுழைந்தால் நேரம் தவறும், அவ்வளவுதான்.

இந்தத் தெருக்களில் நடக்கும்போது நம் முன்னோரையும் நினைக்க வேண்டும். கண்டி மன்னர் காலத்தில் முஸ்லிம்கள் பொதிமாடுகளில் உப்பும் துணியும் ஏற்றி மலைக்கு வந்தார்கள். சிலர் அரண்மனை வைத்தியர்களாகவும் இருந்தார்கள். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டிய 1626ஆம் ஆண்டில், மன்னர் செனரத் அவர்களில் ஆயிரக்கணக்கானோரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். புகலிடம் கொடுத்தவர் ஒரு பௌத்த மன்னர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அறிஞர் சித்தி லெப்பை 1838இல் இதே கண்டியில் பிறந்தார். சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற வார இதழைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்ற நாவலை எழுதினார். ஆண் பிள்ளைகளையே பள்ளிக்கூடம் அனுப்பத் தயங்கிய அக்காலத்தில், கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்தினார். இந்தப் பத்திரிகையை இன்று நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், அந்த வழியைத் திறந்தவர்களில் அவரும் ஒருவர்.

எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஏழு தலைவர்கள் 1883இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களின் தலைவர் உராபி பாஷா பிறகு கண்டியில் வாழ்ந்து, 1901இல் தாயகம் திரும்பினார். அவர் இருந்த வீடு இன்று உராபி பாஷா கலாசார நிலையமாக இருக்கிறது. அவரோடு வந்தவர் கவிஞர் மஹ்மூத் ஸாமி அல் பாரூதி. அரபுக் கல்லூரிகளில் நவீன அரபுக் கவிதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்கு தெரியும். இந்தத் தீவில் அவர் இருக்கும்போதுதான் எகிப்தில் அவருடைய மனைவி இறந்த செய்தி வந்தது. அதற்கு அவர் பாடிய இரங்கற்பாவை மாணவனாக மனனம் செய்தேன். அந்த வீட்டின் முன் நின்று மகளுக்கு அதன் பொருளைச் சொன்னபோது, பாதியில் என் குரல் அடைத்துவிட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொழுகையைப் பற்றி. கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு ஷாஃபிஈ மத்ஹபின்படி கஸ்ருக்குரிய தூரம் நிறைவேறிவிடுகிறது. ளுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சேர்த்துத் தொழலாம். மஃரிபைக் குறைக்க முடியாது, இஷாவோடு சேர்க்கலாம். இந்தச் சலுகை அல்லாஹ் தந்த அன்பளிப்பு, வாங்கிக்கொள்ளத் தயங்காதீர்கள். ஆனால் தொழ இடம்? வழியில் ஒரு பள்ளிவாசலில் நானும் மகனும் குளிர்ந்த நீரில் வுளூச் செய்து விசாலமாகத் தொழுதோம். பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். எழுபது வயது உம்மா போத்தல் தண்ணீரில் வுளூச் செய்து, வேனில் உட்கார்ந்தபடி தொழ வேண்டியதாயிற்று. வெளியே வந்து அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நெடுஞ்சாலைப் பள்ளிவாசல் நிர்வாகிகள் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வருகிறது அல்லவா? ஓர் அறை, ஒரு குழாய், ஒரு திரை. வேறென்ன பெரிய செலவு? சகோதரிகளே, புறப்படுமுன் எந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடம் உண்டு என்று தொலைபேசியில் கேட்டு வைக்கும்படி வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். அந்த வேலையாவது அவர்கள் செய்யட்டும்.

ஞாயிறு காலையைப் பேராதனைப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி. இரட்டைத் தேங்காய் மரமும், ஆளை விழுங்கும் மூங்கிலும், ஒரு மைதானம் அளவுக்குக் கிளை விரித்த ஜாவா அத்தியும் பார்க்க வேண்டியவை. அந்த அத்தி நிழலில் உம்மா ஒரு மணி நேரம் தஸ்பீஹ் மணியோடு அமர்ந்திருந்தார்கள்.

பிற்பகல் ஹந்தானை. 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதை அங்கே இருக்கிறது. மேல்மாடியில் தேநீர்ச்சாலை, யன்னலுக்கு வெளியே மலைகள். அந்தக் கிண்ணத்தில் இருப்பது கொழுந்து கிள்ளிய பெண்களின் உழைப்பு. அவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி உட்கார்ந்து குடிக்க ஒரு ஞாயிறு கிடைக்கிறதோ என்னவோ!

நேரமிருந்தால் விக்டோரியா அணைக்கட்டுக்கும் போகலாம். உயரம் 122 மீட்டர். போகும் வழியில் திகன வரும். 2018 மார்ச்சில் நம்மவர் கடைகளும் பள்ளிவாசல்களும் வீடுகளும் எரிக்கப்பட்ட ஊர். பார்த்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். இறங்கி, ஒரு கடையில் ஏதாவது வாங்குங்கள். அதே நாட்களில் அயலவருக்கு அடைக்கலம் கொடுத்த சிங்களக் குடும்பங்களும் உண்டு. அதையும் பிள்ளைகள் கேட்கட்டும். 2025 நவம்பரில் வந்த திட்வா புயல் கண்டி மாவட்ட மலைப் பாதைகளை மிகவும் சேதப்படுத்தியது. ஆகவே பாதை நிலைமையை விசாரித்துவிட்டே புறப்படுங்கள். மழைக்காலத்தில் மலைச்சரிவோரம் வண்டியை நிறுத்த வேண்டாம்.

திரும்பும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் மகள் என் தோளைத் தட்டிப் பின்னால் பார்க்கச் சொன்னாள். என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மாவனல்லையில் வண்டியை நிறுத்தி, ஓசைப்படாமல் இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து பார்சல் வாங்கினேன்.