உதைபந்தாட்டத்தில் ஒறுப்பு முறை

வள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என்னும் அதிகாரத்தைச் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் இரண்டினையும் அடுத்து வைத்துள்ளார். குடிகள் அஞ்சத்தக்கவற்றை அரசன் செய்யாதிருத்தலே அதன் பொருள். அவ்வதிகாரத்தின் முதற் குறள் தண்டனைக்கு மூன்று இலக்கணங்களை வகுக்கின்றது. குற்றத்தை நடுநிலையுடன் ஆராய்தல் ஒன்று. அது மறுபடியும் நிகழாதவாறு தடுத்தல் ஒன்று. குற்றத்தின் அளவுக்கு இசைந்ததாக ஒறுத்தல் மற்றொன்று. முடியுடை வேந்தரை நோக்கிக் கூறப்பட்ட இம்மூன்றும் இன்று முடியில்லாத ஒரு சாராருக்கும் பொருந்துவனவாயின. விளையாட்டுச் சம்மேளனங்களை நடத்துவோரையே ஈண்டுக் குறிக்கின்றேன்.

பொழுதுபோக்குக்காக ஆடுபவனை 'நான்கு மாதம் ஆடாதே' என்று விலக்கினால் அவன் இழப்பது மாலைப் பொழுதின் மகிழ்ச்சி மாத்திரமே. ஊதியத்துக்கு ஆடுபவன் இழப்பது தன் தொழிலை. ஆசிரியரொருவர் நான்கு மாதம் இடைநிறுத்தப்பட்டாலும் அறுபது வயதுவரை கற்பிக்கலாம். பந்தாட்டக்காரனுக்கோ முப்பத்தைந்து வயதளவில் தொழில் முடிகின்றது. ஆதலின், தொழின்முறை உதைபந்தாட்டத்தில் விதிக்கப்படும் தடை சிறிய தண்டனையன்று. இத்தடைகள் மிகக் கடுமையானவை என்பதே பொதுவாகக் கேட்கப்படும் முறைப்பாடு. என் கருத்து அஃதன்று. கடுமை தன்னளவில் அநீதியாகாது. ஒரே குற்றத்தை ஒருநாள் ஒரு கோலாலும் மறுநாள் வேறொரு கோலாலும் அளப்பதே அநீதி.

முறையின் அமைப்பை முதலிற் சுருங்கக் கூறுவோம். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலேதான் முதன்முதலாகப் புகுத்தப்பட்டன. சிவப்பு அட்டை பெற்றவன் களத்தை விட்டு நீங்குவதோடு அடுத்த ஆட்டத்தையும் இழக்கின்றான். இதற்கு விசாரணை வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்ட தடையை ஒழுக்காற்றுக் குழு விதிக்கும். எதிரணியினனை முழங்கையால் இடித்தல், குத்துதல், உதைத்தல் போன்ற தாக்குதலுக்குக் குறைந்தது மூன்று ஆட்டத் தடை என்பது சர்வதேசச் சம்மேளனமாகிய பீபாவின் ஒழுக்காற்றுக் கோவை. குழுவின் முடிவை எதிர்த்து மேன்முறையீட்டுக் குழுவுக்கும், அதன்பின் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் 1984 இல் நிறுவப்பெற்ற விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றத்துக்கும் செல்லலாம். ஏட்டளவில் இது செம்மையான ஏற்பாடே.

ஆராய்தல் என்னும் முதலிலக்கணத்துக்கு அயல்நாடாகிய இந்தியாவில் 2024 ஆம் ஆண்டு எழுந்த வழக்கொன்று தக்க சான்றாகும். அன்வர் அலி என்பார் இந்திய அணியின் பின்வரிசைக் காவலர். தில்லிக் கழகத்திலிருந்து நான்காண்டு இரவல் உடன்படிக்கையில் மோகன் பகானுக்கு ஆடிய அவர், அவ்வுடன்படிக்கையை முறித்து, அதன் பரம்பரைப் போட்டிக் கழகமாகிய ஈஸ்ட் பெங்காலிற் சேர்ந்தார். அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழு செப்டெம்பர் 10 ஆந் திகதி அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும், ஈஸ்ட் பெங்காலும், தில்லிக் கழகமும் மோகன் பகானுக்கு 12.9 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென்றும் ஆணையிட்டது. மூன்றே நாளில் வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. தீர்ப்பின் முடிவு கூறப்பட்டதேயன்றிக் காரணம் கூறப்படவில்லை என்பதே வீரர் தரப்பின் வாதம். சம்மேளனம் தன் ஆணையை மீளப்பெற்று, யாவரையும் மறுபடி கேட்டு முடிவுசெய்ய இசைந்தது.

இது களத்திற் செய்த ஒழுங்கீனமன்று, ஒப்பந்தப் பிணக்கு எனச் சிலர் கூறலாம். உண்மைதான். எனினும், தடையென்னும் தண்டனை ஒன்றே. அதனைத் தாங்குபவனும் ஒருவனே. அன்வர் அலி உடன்படிக்கையை முறித்தது சரியோ பிழையோ என்பதன்று ஈண்டு வினா. பிழையாகவே இருப்பினும், ஏன் நான்கு மாதம், ஏன் இரண்டன்று, ஏன் ஆறன்று என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு. காரணம் தெரியாத தண்டனையை எதிர்த்து எதனைக் கூறி மேன்முறையிடுவது? பீபாவின் வழக்கமே இவ்விடயத்திற் சற்று விந்தையானது. முடிவைக் காரணமின்றி அறிவித்துவிட்டு, பத்து நாளுள் எழுத்திற் கேட்டால் மாத்திரம் காரணம் தருவதை அதன் கோவை அனுமதிக்கின்றது. மாணவனுக்குப் புள்ளியை மட்டும் கொடுத்து, பிழை எதுவெனக் கேட்டாற்றான் காட்டுவேன் என்னும் ஆசிரியரை நாம் மதிப்போமா?

ஆராய்ச்சி என்பது சாட்சிகளைக் கேட்பதோடு அமைவதன்று. சொற்குற்றமாயின் மொழியையும் ஆராய வேண்டும். மொழி கற்பிப்போரும் கற்போரும் நோக்கத்தக்க இரு வழக்குகள் இங்கிலாந்தில் நிகழ்ந்தன. இரண்டிலும் குற்றஞ் சாட்டப்பட்டவர் உருகுவே நாட்டினரே. 2011 ஆம் ஆண்டு லிவர்பூல் வீரர் லுயிஸ் சுவாரெஸ், எதிரணியின் பத்ரிஸ் எவ்ராவை நிறத்தைச் சுட்டி இழித்தார் என்பது குற்றச்சாட்டு. அச்சொல் தம் நாட்டில் நட்போடு வழங்குவது என்றார் சுவாரெஸ். விசாரணைக் குழு தென்னமெரிக்க ஸ்பானிய வழக்கில் வல்ல அறிஞரின் கருத்தைப் பெற்றது. நட்பிலும் அச்சொல் வழங்கும், பகையிலும் வழங்கும். எவ்ரா கூறியவாறு சொல்லப்பட்டிருப்பின் அது இழிவே என்பது அவர்தம் துணிபு. எட்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. 2020 நவம்பரில் எடின்சன் கவானி, தம்மைப் பாராட்டிய நண்பருக்கு நன்றி கூறுகையில் அச்சொல்லின் குறுமை வடிவத்தைச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். அது அன்புச் சொல் என்பதை உருகுவே நாட்டின் மொழிக் கழகமே எடுத்துரைத்துத் தண்டனையைக் கண்டித்தது. எனினும் மூன்று ஆட்டமும் ஒரு இலட்சம் பவுணும் கவானி இழந்தார். அவர் வாதாடாமல் ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். எட்டு ஆட்டத் தடை மூன்று ஆட்டத் தடையினும் நீதியாக எனக்குத் தோன்றுகின்றது. நம்மூரில் ஒருவனை 'கள்ளன்' என்று தாய் கொஞ்சுவதும் அயலான் ஏசுவதும் ஒன்றாகுமா?

இனி, அளவொப்பு. 1962 ஆம் ஆண்டு சிலி நாட்டு உலகக் கிண்ணத்தின் அரையிறுதியில், பிரேசிலின் மாவீரர் கரிஞ்சா எதிரணியினன் ஒருவனை உதைத்தமைக்காக வெளியேற்றப்பட்டார். நான்கு நாளில் நடந்த இறுதியாட்டத்தில் அவர் ஆடினார். பிரேசில் கிண்ணத்தை வென்றது. அக்காலத்தில் தன்னியக்கத் தடை இல்லையாதலின் விதி மீறப்பட்டது என்பதற்கில்லை. ஆயின், அறுபத்துமூன்றாண்டின் பின்பு நடந்ததை நோக்குக. 2025 நவம்பர் 13 இல் டப்ளின் நகரில் அயர்லாந்துடன் ஆடுகையில் போர்த்துக்கலின் கிறிஸ்ரியானோ ரொனால்டோ முழங்கையால் இடித்துச் சிவப்பு அட்டை பெற்றார். ஆர்மேனியாவுடனான அடுத்த ஆட்டத்தை இழந்தார். பீபா மூன்று ஆட்டத் தடையையே விதித்தது. ஆனால் எஞ்சிய இரண்டையும் ஓராண்டு நன்னடத்தைக் காலத்துக்கு ஒத்திவைத்தது. 2026 உலகக் கிண்ணத்தின் முதலிரு ஆட்டங்களை அவர் இழக்கும் நிலை இதனால் நீங்கியது.

இவ்வாறு ஒத்திவைக்கும் அதிகாரம் கோவையில் உள்ளதே. இருநூற்றிருபத்தாறு சர்வதேச ஆட்டங்களில் அவர் பெற்ற முதற் சிவப்பு அட்டை அது என்பதும் மெய்யே. முதற் குற்றத்துக்கு இரங்குதல் எந்த நீதிமன்றத்திலும் உள்ளது. அதனை நான் குறைகூறேன். ஆயின், அவ்விரக்கம் ஒரு நெறியாயின் அந்நெறி எழுதப்பட வேண்டும். எத்தனை ஆட்டம் குற்றமின்றி ஆடியவனுக்கு எத்தனை ஆட்டம் ஒத்திவைக்கப்படும் என்பது தெரிந்தால், இலங்கை அணியின் காவலனும் அதனைக் கேட்டுப் பெறலாம். தெரியாதவிடத்து, இரக்கம் புகழுக்குக் கிடைத்த பரிசாகவே உலகோர் கண்ணுக்குத் தோன்றும், தோன்றியது.

அளவிடும் கோலிலேயே மற்றொரு சிக்கல் உண்டு. தடையை ஆட்டங்களால் எண்ணுவதா, மாதங்களால் எண்ணுவதா? 2006 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் எதிரியின் மார்பில் தலையால் மோதிய சிடானுக்கு மூன்று ஆட்டத் தடை. அவரோ அவ்வாட்டத்தோடு ஓய்வுபெற்றவர். இல்லாத ஆட்டங்களை இழப்பது எங்ஙனம்? அதற்கீடாக மூன்று நாள் சமூகப் பணி செய்தார். அவரைச் சினமூட்டிய மத்தராசிக்கு இரண்டு ஆட்டத் தடை. அதனை அவர் உண்மையாகவே இழந்தார். சுவாரெஸ் 2014 இல் இத்தாலிய வீரர் கியெலினியைக் கடித்தமைக்கு ஒன்பது சர்வதேச ஆட்டமும், அதற்குமேல் நான்கு மாதம் உதைபந்தாட்டத் தொடர்புடைய எச்செயலும் கூடாதென்றும் விதிக்கப்பட்டது. போட்டியாட்டங்களே எண்ணப்படுமாதலின் அவ்வொன்பதும் கழிய 2016 மார்ச் வரை சென்றது. உதைபந்தாட்டத்திற் பெரிய நாடொன்றின் அணிக்கே இருபத்தொரு மாதமாயின், ஆண்டில் ஒரு சில போட்டிகளே காணும் நம்நாட்டு அணியில் ஆடுபவனுக்கு அதே ஒன்பது எத்தனை ஆண்டாகும் எனக் கணக்கிட்டுக் கொள்க. எண் ஒன்றே, சுமை ஒன்றன்று.

அவ்வழக்கில் நடுத்தீர்ப்பு மன்றம் செய்த திருத்தம் பாராட்டத்தக்கது. தடையின் நீளத்தை அது குறைக்கவில்லை. பயிற்சி பெறுதலைத் தடுத்த பகுதியை மாத்திரம் 2014 ஓகஸ்டில் நீக்கியது. தொழில் செய்யாதே என்பது தண்டனை. தொழிலை மறந்துவிடு என்பது வேறு. சுவாரெஸ் கடித்தது அது மூன்றாந் தடவை என்பதையும் மறத்தலாகாது: 2010 இல் ஏழு ஆட்டம், 2013 இல் பத்து ஆட்டம் ஏற்கெனவே இழந்தவர் அவர். மறுபடி நிகழாதவாறு தடுத்தல் என்னும் இலக்கணம் அவரிடம் இருமுறை தோற்றது.

தடுத்தலைப் பற்றி நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. அது கிரிக்கெட்டிலிருந்து வருவது. 2021 யூனில் இங்கிலாந்துச் சுற்றுலாவின்போது நோய்த்தொற்றுக் காப்பு வளையத்தை மீறி டர்ஹாம் நகரில் வெளியே சென்ற குசல் மெண்டிஸ், தனுஷ்க குணதிலக, நிரோஷன் டிக்வெல்ல ஆகிய மூவருக்கும் சர்வதேசப் போட்டிகளில் ஓராண்டுத் தடையும் ஒரு கோடி ரூபா தண்டப்பணமும் விதிக்கப்பட்டன. 2022 சனவரியில், ஆண்டு முடியுமுன்னரே, தடை நீக்கப்பட்டது. குறைத்தது தவறென்று கூறமாட்டேன். ஆயின் பாதியில் விடுவதாயின், முதலில் விதித்த ஓராண்டு ஆராய்ந்து விதித்ததா, மக்களின் சினம் தணிய விதித்ததா என்னும் ஐயம் எழுகின்றது.

இவையனைத்தினும் கொடியது ஒன்று உண்டு. குற்றம் ஓரிடத்திலும் தண்டனை வேறிடத்திலும் விழுவது அது. வெளியார் தலையீடு காரணமாக 2022 ஓகஸ்டில் பீபா இந்தியச் சம்மேளனத்தைத் தடைசெய்தபோது, கோகுலம் கேரளக் கழகத்தின் மகளிர் அணியினர் ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கந்து சென்று இறங்கியிருந்தனர். ஓராட்டமும் ஆடாது திரும்பினர். தடை நீங்க பதினொரு நாளே சென்றது; அந்தப் பதினொரு நாளுள் அவர்களுடைய போட்டி போயிற்று. அவர்களுள் எவரும் யாதொரு விதியையும் மீறியவரல்லர்.

நம் கதை அதனினும் நீண்டது. 2023 சனவரி 21 இல் இலங்கைச் சம்மேளனம் இடைநிறுத்தப்பட்டது. அத்தடை ஓகஸ்ட் 27 வரை நீடித்தது. ஒரு வீரன் மத்தியஸ்தரைத் தாக்கினால் அவனுக்குக் குற்றப்பத்திரம் உண்டு, விசாரணை உண்டு, மேன்முறையீடு உண்டு. நிருவாகிகளின் பிணக்கால் ஏழு மாதம் சர்வதேசக் களத்தை இழந்த வீரனுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. தடை அவன் பெயரில் இல்லாமையால் அவன் வழக்காளியாகவும் நிற்க இயலாது. கல்முனையிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் மாலைதோறும் கடற்காற்றில் பந்தை உதைத்துக்கொண்டு, தேசிய அணியைக் கனவுகாணும் இளைஞர்க்கு இது தூரத்துச் செய்தியன்று. அவ்வாண்டு யூன் 21 முதல் யூலை 4 வரை பெங்களூரில் தெற்காசியக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. இலங்கை அணி அதிற் பங்குகொள்ளவில்லை. ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் யேமனை எதிர்த்து மீண்டும் களமிறங்கிய நம்மவர், முதலாட்டத்தில் மூன்று கோல்களால் தோற்று, ஐந்து நாளின் பின் கொழும்பில் ஒன்றுக்கொன்று எனச் சமநிலை கண்டனர்.