இல்லாத சொல்லை வாசிக்கும் சோதனை

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 முதல் ஒரு சிறிய வாசிப்புச் சோதனை நடக்கிறது. ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்து 40 சொற்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவற்றில் 20 சொற்கள் 'மெப்', 'ஃபிராஸ்க்' போல எந்த அகராதியிலும் இல்லாதவை.

பிள்ளையைக் குழப்பவா இது என்று பெற்றோர் கேட்கிறார்கள். இல்லை. படத்தைப் பார்த்து ஊகித்தும் சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்தும் ஒரு பிள்ளை ஓரிரு ஆண்டுகள் சமாளித்துவிடலாம். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் யாருக்குமே தெரியாது. முன்பின் பார்த்திராத சொல்லிடம் அந்த வித்தை பலிக்காது. ஒவ்வோர் எழுத்தையும் ஒலியாக்கி, ஒலிகளைக் கோத்தே ஆகவேண்டும். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

இதன் பின்னே சிட்னியிலேயே வளர்ந்த ஆராய்ச்சி இருக்கிறது. மக்குவாரி பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் கோல்ட்ஹார்ட், வாசிக்கும் மூளை இரண்டு வழிகளைப் பயன்படுத்துகிறது என்றார். ஒன்று எழுத்தை ஒலியாக்கும் வழி. மற்றது, பழகிய சொல்லை முழுதாக அடையாளம் காணும் வழி. அவரும் ஆன் காசில்ஸும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றில் ஒரு வழி மட்டும் பழுதுபட்ட பிள்ளைகளும் உண்டு என்று காட்டியது. முதல் வழி தளர்ந்த பிள்ளை 'மெப்'பில் திணறும். இரண்டாவது தளர்ந்த பிள்ளை படகைக் குறிக்கும் 'யாட்' (yacht) என்ற சொல்லை எழுத்துக்கூட்டி 'யாச்ட்' என்று வாசிக்கும். இருவருக்கும் ஒரே பயிற்சி போதாது.

நம் தமிழ் வீடுகளில் முதலில் பழி விழுவது தமிழின் மேல். "வீட்டிலே தமிழ் கதைக்கிறதாலதான் பிள்ளை குழம்புது" என்பார்கள். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்ஸியா வருவதில்லை. அது பெரும்பாலும் குடும்பவழி வருவது. அப்பாவுக்கோ மாமாவுக்கோ 'படிப்பு ஏறவில்லை' என்று ஊரில் முத்திரை குத்தியிருப்பார்கள். தமிழைப் போல எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்கும் மொழிகளில் குறைபாடு பிழையாக அல்ல, வேகக்குறைவாகவே அதிகம் வெளிப்படும். ஆகவே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிழையின்றி, ஆனால் மிக மெதுவாக வாசிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிடக்கூடாது.

சோதித்தால் மட்டும் போதாது, கற்பிக்கவும் வேண்டும். விக்டோரியா அரசுப் பள்ளிகளில் 2025 முதல் தொடக்க வகுப்புகளில் எழுத்தொலிப் பயிற்சிக்குத் தினமும் 25 நிமிடம் ஒதுக்குகிறார்கள். நல்ல முடிவு, தாமதமாக வந்தாலும்.

நியூ சௌத் வேல்ஸ் சோதனையில் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 28. அதற்குக் கீழே போனால் குறைபாடு உறுதி என்று பொருளில்லை. கவனித்துப் பார்க்க வேண்டும் என்றே பொருள். இல்லாத சொற்களில் பிள்ளை எத்தனை வாசித்தது என்று ஆசிரியரிடம் தனியாகக் கேளுங்கள். மருத்துவச் சான்று வரும்வரை உதவிக்குக் காத்திருக்க வேண்டாம். வகுப்பிலேயே கூடுதல் நேரமும் பயிற்சியும் இப்போதே கேட்கலாம்.