நவம்பர் கடைசி ஞாயிறு

சென்னை சென்டிரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து வடக்கே புறப்படும் மின்சார ரயில், கொருக்குப்பேட்டையையும் திருவொற்றியூரையும் எண்ணூரையும் கடந்து, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊருக்கு ஊர் நின்று, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அதில் தினந்தோறும் போய்வருகிறவர்களில் பெரும்பாலோர், சிப்காட் வளாகத்தின் இரும்பு உருட்டாலைகளிலும் வார்ப்பாலைகளிலும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் உழைக்கிறவர்கள். முதல் ஷிப்டு முடிந்து திரும்பும் பிற்பகல் கூட்டத்தில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரை ஒரு நாள் கவனித்தேன். சட்டைப் பையில் கம்பெனி அட்டை. காலில் தூசி படிந்த சேப்டி ஷூ. மடியில், உபயோகம் முடிந்த ஒரு லாக் ஷீட். அச்சிட்ட பக்கத்தில் டன் கணக்கு நிறைந்திருந்தது. வெறுமையான மறுபக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, ஐந்து மனிதர்களையும் ஐந்து ஊர்களையும் ஐந்து சம்பளங்களையும் பொருத்திக்கொண்டிருந்தார். பொன்னேரி வருவதற்குள் முடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஓரத்தில் 12 என்று எழுதி வட்டமிட்டார்.

“எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீங்க, தம்பி?” என்று கேட்டேன்.

“கேட் சார். எம்.பி.ஏ. கேட்” என்றார்.

அப்படிப் பிரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பொறியியல் மேற்படிப்புக்கும் ‘கேட்’ என்றே ஒரு பரீட்சை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்து வேறாயினும் தமிழில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. அந்த இளைஞர் எழுதப் போவது, 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தோன்றி, இன்று திருச்சி உட்பட இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நடைபெறும் ஐ.ஐ.எம். என்னும் இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கான பிரவேசப் பரீட்சை. ஏதேனும் ஒரு பட்டப் படிப்பில் 50 சதவீத மதிப்பெண் பெற்ற எவரும் இதை எழுதலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதமே போதும். வயது வரம்பு கிடையாது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் கிடையாது. டிப்ளமோ மட்டும் முடித்தவர்களுக்கு இந்தக் கதவு திறப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சிப்காட்டில் அவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; அவர்கள் முதலில் ஒரு பட்டத்தை முடிப்பதே வழி.

பரீட்சை இரண்டு மணி நேரம். ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் பொருள் உணர்தல், அட்டவணைகளையும் புதிர்களையும் அவிழ்த்தல், கணக்கு என்று மூன்று பகுதிகள். பகுதிக்கு 40 நிமிஷம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் முடியாது, கடந்துவிட்டதற்குத் திரும்பவும் முடியாது. 2024-ஆம் வருஷத்துப் பரீட்சையில் 68 கேள்விகளும் 204 மதிப்பெண்களும் இருந்தன. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண் வரும். கொடுக்கப்பட்ட விடைகளில் தவறானதைக் குறித்தால் ஒரு மதிப்பெண் போகும். நாமே விடையை எழுத வேண்டிய கேள்விகளில் தவறினால் எதுவும் போகாது. இந்த ஏற்பாட்டைச் சற்று நிதானமாக யோசித்தவருக்கு ஒரு விஷயம் புலப்படும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்கு, நான்கு முறைக்கு ஒரு முறை மூன்று வரும், மூன்று முறை ஒவ்வொன்றாகப் போகும். வரவும் செலவும் நேர். ஒரு விடையை மட்டும் நிச்சயமாகத் தவறென்று தள்ளிவிட முடிந்தாலோ, மூன்று முறைக்கு மூன்று வந்து இரண்டு போய், ஒன்று மிஞ்சும். கேள்வியை முழுவதும் அறியாவிட்டாலும் பாதி அறிந்தவருக்கு இங்கே லாபம் இருக்கிறது.

இதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. இங்கே மதிப்பெண்ணை விடப் பெர்சன்டைலுக்கே மரியாதை. 99 பெர்சன்டைல் என்றால், எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை ஒருவர் எட்டியோ முந்தியோ நிற்கிறார் என்று அர்த்தம். அண்மை வருஷங்களில் அந்த 99, மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் குறைவாகப் பெற்றவர்களுக்கே கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, பாதிக் கேள்விகளைத் தொடாமல் விட்டுவிட்டு எழுந்து வருவதைப் போலக் கஷ்டமான காரியம் வேறு இல்லை. ஆனால் இந்தப் பரீட்சை பிரதானமாகச் சோதிப்பது அந்தத் துணிவைத்தான்: எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததை எந்த நிமிஷத்தில் கைவிடுவது என்னும் விவேகத்தை.

உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுகூலம் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். உருட்டாலையில் செக்கச்சிவந்த கம்பி தடம் மாறிச் சுருண்டு விழுவதை ‘மிஸ்ரோல்’ என்பார்கள். விழுந்ததை வெட்டி அகற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடர்வதா, நிறுத்திவைத்து வழிகாட்டியைச் சரிபார்ப்பதா என்பதை ஷிப்டு பொறுப்பாளர் அந்த அனலில் நின்றுகொண்டே சில நிமிஷங்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். அங்கே அப்படித் தீர்மானிக்கத் தெரிந்தவர், கணினித் திரையில் பிடிவாதம் செய்யும் ஒரு கணக்கின்மேல் பதினைந்து நிமிஷத்தை ஏன் கொட்ட வேண்டும்? அந்த விவேகம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பரீட்சைக் கூடத்துக்குக் கொண்டுவரப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த லாக் ஷீட்டின் அச்சிட்ட பக்கத்தையும் நான் பார்த்தேன். சுலபமாகப் புரிவதற்காக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். ஒரு ஷிப்டில் 50 டன் பில்லெட் உள்ளே போய், 48 டன் கம்பி வெளியே வந்தால், யீல்டு 96 சதவீதம். அடுத்த ஷிப்டில் அதே 50 டன்னுக்கு 47 டன்னே வந்தால், 94 சதவீதம். மேலோட்டமாகப் பார்ப்பவர், இரண்டு சதவீதம்தானே குறைந்தது என்பார். ஆனால் இரண்டு டன்னாக இருந்த நஷ்டம் மூன்று டன்னாகியிருக்கிறது. நஷ்டம் 50 சதவீதம் கூடியிருக்கிறது. பரீட்சையின் இரண்டாம் பகுதியில் வரும் அட்டவணைகள் கேட்பது ஏறக்குறைய இத்தகைய கேள்விகளைத்தான். கோச்சிங் வகுப்பில் பணம் கட்டிப் படிக்கிற பாடத்தை, நாள்தோறும் கையெழுத்திடும் ரிப்போர்ட்டிலேயே அப்பியாசம் செய்ய முடியும் என்று அந்த இளைஞரிடம் சொன்னபோது, அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்துப் பொறியியலுக்கு வந்து, தொழிற்சாலையில் தமிழும் ஹிந்தியும் கலந்து பேசிப் பழகியவருக்கு, தத்துவத்தையோ சரித்திரத்தையோ பற்றிய ஓர் ஆங்கிலப் பத்தியை வைத்து, ஆசிரியர் எதை ஒப்புக்கொள்கிறார், எதை மறுக்கிறார் என்று கேட்டால் மூச்சுத் திணறுகிறது. இதற்கு அருஞ்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதால் அதிகப் பிரயோஜனம் இல்லை. தினமும் ஒரு நல்ல ஆங்கிலத் தலையங்கம், வாரத்துக்கு இரண்டு நீண்ட கட்டுரைகள், படித்து முடித்ததும் அதன் வாதத்தைத் தமிழில் மூன்றே வாக்கியங்களில் எழுதிப் பார்ப்பது என்று எட்டு மாதம் செய்தவர்கள் முன்னேறுகிறார்கள். தமிழில் கனமான கட்டுரைகளை வாசிக்கும் வழக்கம் உள்ளவர் தம்மைத் தாழ்வாக எண்ண வேண்டாம். வாதத்தின் போக்கைப் பின்பற்றும் திறமை எந்த மொழியில் கைவந்தாலும் நம்முடன் வரும். மற்றது சொற்களின் பற்றாக்குறை, அது நாளடைவில் நிரம்பும்.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள்தோறும் நான்கு மணி நேரம் படி என்று புத்தகங்கள் உபதேசிக்கின்றன. அவை ஷிப்டு மாறுகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. காலை ஆறு முதல் இரண்டு வரை ஒரு வாரம், இரண்டு முதல் பத்து வரை மறு வாரம், இரவு பத்து முதல் காலை ஆறு வரை அதற்கடுத்த வாரம் என்று உடம்பின் கடிகாரமே சுழலும்போது, ஒரே அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் இரண்டு மாதத்தில் சோர்ந்துவிடுவார். ஷிப்டுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். முதல் ஷிப்டு வாரத்தில் மாலைகள் சொந்தம். புதிய கணக்குப் பாடங்களை அப்போது தொடங்கலாம். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் காலை நேரம் தெளிவாக இருக்கும். வாசிப்பும் புதிர்களும் அதற்கு ஏற்றவை. இரவு ஷிப்டு வாரத்தில், விடியற்காலை வீடு திரும்பியதும் புத்தகத்தைத் திறக்கிறவர் வைராக்கியசாலிதான்; ஆனாலும் தவறு செய்கிறார். முதலில் தூக்கம், எழுந்த பிறகு ஒரு மணி நேரம், பழைய பிழைகளைப் புரட்டுவதற்கு மட்டும். கண் எரிய உட்கார்ந்த மூன்று மணி நேரத்தைக் காட்டிலும், தெளிந்த மூளையின் நாற்பது நிமிஷம் பெரிது. பரீட்சையின் ஒவ்வொரு பகுதியும் அதே நாற்பது நிமிஷம்தானே.

ஜூலை மாதம் வந்ததும் வார விடுமுறையில் மாக் டெஸ்ட் எழுதத் தொடங்க வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்வதோ வருந்துவதோ ஐந்து நிமிஷத்தோடு நிற்கட்டும். எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் நின்றோம், விட்டிருக்க வேண்டியதை ஏன் விடவில்லை என்று ஆராய்வதற்கு, எழுதிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஒதுக்க வேண்டும்.

வேலையை விட்டுவிட்டுப் படித்தால் என்ன என்ற யோசனை, இரவு ஷிப்டில் மூன்று மணிக்கு எல்லோருக்கும் வருகிறது. விட வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பட்டம் பெற்ற பின் செய்த முழுநேர வேலைக்குப் பல ஐ.ஐ.எம்.கள் தேர்வின்போது மதிப்பளிக்கின்றன. நேர்முகத் தேர்வில் பேசுவதற்கும் அந்த அனுபவமே மூலதனம். கோயம்புத்தூரில் பிறந்து, லயோலா கல்லூரியில் பௌதிகம் படித்த சி. கே. பிரகலாத், 19 வயதில் சென்னையின் யூனியன் கார்பைடு பாட்டரித் தொழிற்சாலையில் சேர்ந்து, நான்கு வருஷம் அங்கே உழைத்த பிறகே அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்குப் போனார். மேலாண்மைச் சிந்தனையில் உலகமே செவிகொடுத்த அந்த மனிதரின் முதல் பாடசாலை ஓர் ஆலைத் தளம். நம் காலத்தில், சென்னையில் இட்லி விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகனான சரத்பாபு, மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக் குடும்பக் கடனை அடைத்துவிட்டு, அதே அகமதாபாத்தில் சேர்ந்து 2006-இல் வெளிவந்தார். இருவரும் சம்பளம் வாங்கிய நாட்களை வீணான நாட்களாக எண்ணியவர்கள் அல்லர்.

பணத்தைப் பற்றிய கவலை நியாயமானது. பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருஷக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. வங்கிக் கடன் கிடைக்கும், ஆனால் அது கடன்தான். அந்தச் சுமை வேண்டாம் என்கிறவர்களுக்கு, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் பரீட்சை வழியாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மிகக் குறைந்த செலவில் எம்.பி.ஏ. படிக்க இடம் உண்டு. வேலையை விடவே முடியாதவர்களுக்காகத் திருச்சி ஐ.ஐ.எம். சென்னையில் நடத்தும் படிப்பும் இருக்கிறது. இவற்றை இரண்டாந்தர வழிகள் என்று யாரும் இகழ வேண்டியதில்லை.

அந்த இளைஞர் மீஞ்சூரில் இறங்க எழுந்தபோது, இது முதல் முயற்சியா என்று கேட்டேன். இல்லையாம். முந்திய வருஷமும் எழுதியிருக்கிறார். பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை அவருக்கு இரண்டாம் ஷிப்டு. இரவு பத்து மணிக்கு ரிலீவர் வரவில்லை. உலையை அப்படியே விட்டு வர முடியாது. விடியும் வரை நின்றார். வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, ரயில் பிடித்து, நண்பகல் பன்னிரண்டரை மணிப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தார். “முதல் பகுதி ஓடிடுச்சு சார். கணக்கு வந்தப்போ எண்ணு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது” என்றார். யார்மேலும் குறை சொல்லவில்லை. ஒரு வருஷத்துப் பிரயத்தனம் ஓர் இரவில் போனதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லாதது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

2020 முதல் ஒவ்வொரு வருஷமும் கேட் பரீட்சை நவம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறன்றே நடந்துவந்திருக்கிறது. காலை எட்டரை, பிற்பகல் பன்னிரண்டரை, மாலை நான்கரை என்று மூன்று அமர்வுகள், எந்த அமர்வு என்பதை நுழைவுச் சீட்டு சொல்லும். வடகிழக்குப் பருவமழை உக்கிரமாக இருக்கும் காலம் அது. ஆரணி ஆறு பெருகி, தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் வடக்கு மார்க்கத்து ரயில்களை நம்ப முடியாது. ஆகவே எழுதுகிறவர்கள் சனிக்கிழமை மாலையே சென்னைக்குப் போய், உறவினர் வீட்டிலோ நண்பர் அறையிலோ தங்கிவிடுவது உத்தமம்.

அதற்கு அவர்களை விடுவிக்க வேண்டியவர்கள் வேறு சிலர். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் ஷிப்டு பட்டியல் எழுதுகிற பெரியோர்களே, உங்கள் தளத்தில் யார் இந்தப் பரீட்சை எழுதுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இராது. அந்தச் சனிக்கிழமை அவருக்கு முதல் ஷிப்டு போடுங்கள். அவருக்கு மாற்றாள் யார் என்பதை வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.