குற்றவியல் கல்வியும் திருத்தப் பணியும்

மணிமுத்தாறு என்றவுடன் 1950களில் எழுந்த அணைக்கட்டே நம் நினைவுக்கு வரும். அவ்வூரிலேயே தமிழ்நாடு சிறப்புக் காவற்படையின் 9ஆம், 12ஆம் அணிகள் உள்ளன. மேலே மலையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள். கீழே சமவெளியில் பாளையங்கோட்டை மத்திய சிறை. அதே மாவட்டத்தில், 1990இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில், குற்றவியலும் குற்ற நீதி முறையும் தனித்துறையாகக் கற்பிக்கப்படுகின்றன. இக்கல்வி யாது? திருப்பணியாளர் அதனை அறிந்திருக்க வேண்டுவதேன்?

குற்றவியல் மூன்று வினாக்களுக்கு விடை தேடுகிறது. குற்றம் ஏன் நிகழ்கிறது? காவல்துறையும் நீதிமன்றமும் அதனை எவ்வாறு கையாளுகின்றன? குற்றம் செய்தவரும் அதனால் பாதிக்கப்பட்டவரும் சமுதாயத்தில் மீண்டும் வாழ வழி யாது? இம்மூன்றாம் வினாவிலிருந்தே திருத்தப் பணி என்னும் பாடம் பிறந்தது.

இந்தியாவில் இவ்வெண்ணம் மெல்லவே வளர்ந்தது. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் அடைத்துவைத்தலையும் ஒழுங்கையுமே பெரிதும் கருதியது. 1919–20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைக் குழு, கைதியின் சீர்திருத்தத்தைச் சிறையின் நோக்கமாக வலியுறுத்தியது. 1936இல் பம்பாயில் தோன்றிய டாடா சமூகப் பணிப் பள்ளியின் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்க அருட்பணியாளர். அந்நிறுவனத்தில் குற்றவியலும் சீர்திருத்த நிர்வாகமும் பின்னர்ப் பாடங்களாயின. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம், தகுதியுடையோரைச் சிறைக்கனுப்பாது நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விட வழிசெய்தது. சிறை அலுவலர்களுக்கெனத் தென் மாநிலங்களுக்குப் பொதுவான பயிற்சி நிறுவனம் 1979இல் வேலூரில் தொடங்கியது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. திருத்தம் என்பது குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றவரைக் குறித்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே பெறாத இவர்களை எதினின்று திருத்துவது?

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளரும் அவர்தம் ஆதரவாளரும் கூலி உயர்வும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் வேண்டித் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றனர். காவலரின் தடியடியைத் தொடர்ந்து தாமிரபரணியில் 17 உயிர்கள் மாண்டன. அவற்றுள் ஒன்று பச்சிளங்குழந்தையின் உயிர். திருத்தம் தேவைப்படுவது கைதிக்கு மட்டுமன்று, தண்டிக்கும் அமைப்புக்கும் என்பதை இந்நிகழ்ச்சியினும் தெளிவாக உணர்த்துவது வேறில்லை.

சிறைச் சந்திப்பைத் திருச்சபை மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் அடிப்படையில் தன் கடமையாகக் கொள்கிறது. பண்டிகை நாளில் ஆராதனை நடத்தி, மனந்திரும்புமாறு கூறித் திரும்புவதோடு அக்கடமை முடிந்துவிடுமா? பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்ட பவுல், சிறைக்காவலருக்கு நற்செய்தி கூறினார். தம்மை இரகசியமாக அனுப்பிவிட முயன்ற அதிகாரிகளோ நேரில் வந்தே விடுவிக்க வேண்டுமென்றார். மனிதரின் மாற்றத்தையும் அமைப்பின் பொறுப்பையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆகவே, சிறைக்குச் செல்லும் ஆயர் மூன்று செய்திகளையேனும் கேட்டறிதல் நலம்: இவருடைய வழக்கு எந்நிலையில் உள்ளது? பிணையில் விடுவிக்க யார் முன்வருவர்? வெளிவரும் நாளில் இவரை ஏற்கும் வீடு எது? இம்மூன்றிற்கும் விடை தேடத் தொடங்கும் ஆயர், குற்றவியலின் முதற்பாடத்தைச் சிறைவாயிலிலேயே கற்றவராவார்.